விமானத்துக்கு நான்கு எல்லைகள்

“அம்மா, இந்த விமானத்துக்குக் கிணத்துல பங்கு இருக்கா?”

கொழும்பில் விமானங்களைப் பதிவு செய்கிற அரசாங்கக் கந்தோரின் கண்ணாடி யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி கேட்ட கேள்வி இது. பகிடிக்குக் கேட்கவில்லை. முகத்தில் உண்மையான கவலை இருந்தது. பேச்சைப் பார்த்தால் மலைநாட்டுப் பிள்ளை. அவருக்கு முன்னால் நான் என் கையால் ரைப் அடித்த உறுதிப் பத்திரம் விரித்தபடி கிடந்தது.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், அட்டவணை என்ற தலைப்பின் கீழ், இரண்டு இருக்கைகளும் ஓர் எஞ்சினும் துணிச் சிறகுகளும் உடைய இலகு விமானம் ஒன்று என்று தொடங்கியிருந்தது. அதுவரை சரி. அதற்குப் பிறகு இப்படிப் போனது: கிழக்கு ஒழுங்கை, வடக்கு பிறர் பங்குக் காணி, மேற்கு வாய்க்கால், தெற்கு வீதி. இவ்வெல்லைகளுக்கு உட்பட்ட ஐந்து பரப்பு நிலமும், அதில் நிற்கும் பனைகளும், பங்குக் கிணற்றில் உள்ள உரித்தும், வழிவாய்க்கால் உரித்தும், மற்றும் சகலதும்.

முப்பத்தொரு வருடம் மானிப்பாயில் காணி உறுதிகள் எழுதும் ஒரு நொத்தாரிசுவிடம் ரைப்பிஸ்டாக இருந்தவள் நான். அத்தனை வருடத்தில் என் கையால் போன ஓர் உறுதியும் பிழை என்று திரும்பி வந்ததில்லை. திரும்பி வந்த ஒரே உறுதி என் வீட்டுக்காரருடையது.

திரும்பிப் பார்த்தேன். இவர் பின்வரிசை வாங்கில், மின்விசிறிக்குக் கீழே, மடியில் பையை வைத்துக்கொண்டு இருந்தார். யன்னலடிக்கு வரவில்லை. “என்னவாம்?” என்பதுபோல நாடியை மட்டும் உயர்த்தினார்.

இவர் என்றால் என் கணவர் இராசநாயகம். பேர் சொல்லிப் பழக்கமில்லாததால் இத்தனை வாரமாக இந்தத் தொடரில் இவர் என்றே எழுதி வருகிறேன். போன கிழமை ஓரிடத்தில் ‘விமானக் கொட்டில்’ என்று ஒரு சொல்லை விட்டுவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், உண்மையாகவே உங்களிடம் விமானம் இருக்கிறதா என்று. இருக்கிறது. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டால் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையாவது மிச்சம்.

உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சின்

இவர் கொக்குவிலில் எங்கள் வீட்டோடு சேர்ந்த பட்டறையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். குருநகர் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் கடலில் விழுந்தால் நேரே இவரிடம்தான் வரும்.

விழுந்த எஞ்சினைக் காயவிடக் கூடாது என்பது இவருடைய முதல் விதி. வெயிலில் வைத்துக் காயவிட்டவன் அதைக் கொன்றவன். எடுத்த உடனே நல்ல தண்ணீருக்குள் மறுபடி தாழ்த்திவிட வேண்டும். கழற்றும் நேரம் வரைக்கும் அது தண்ணீருக்குள்தான் கிடக்க வேண்டும். எங்கள் கிணற்றடித் தொட்டியில் எப்போதும் யாராவது ஒருவருடைய எஞ்சின் ஊறிக்கொண்டிருக்கும். உடுப்புத் தோய்க்க நான் வேறு வாளி தேடுவேன்.

தெற்கே ஒரு கடற்கரையில், உல்லாசப் பயணிகளைச் சின்ன விமானத்தில் ஏற்றிச் சுற்றிக்காட்டிக்கொண்டு ஒருவர் இருந்தார். ஒருநாள் அது கடலோரக் களப்புக்குள் இறங்கிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, எஞ்சின்தான் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டது. யாரோ குருநகர்க்காரர் சொல்லி, அவர் இவருக்கு ரெலிபோன் எடுத்தார். ஈரச் சாக்கால் சுற்றி, வழி முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அனுப்பச் சொன்னார் இவர். லொறியில் வந்தது. ஒரு மாதத்தில் அது உயிர்த்தது.

பூட்டிக் கொடுக்கப் போனவரை அந்த மனிதர் பக்கத்து இருக்கையில் இருத்தி மேலே கொண்டுபோய்விட்டார். பத்து நிமிடம்தான். வீட்டுக்கு வந்து இவர் சாப்பிடவில்லை. என்ன சுகமில்லையோ என்று கேட்டேன். “காலுக்குக் கீழை ஒண்டும் இல்லையப்பா,” என்றார்.

பிறகு சில வருடம், எஞ்சின் பார்க்கப் போகிறேன் என்று தெற்கே போய்ப் போய் வந்தார். போன இடத்தில் அந்த மனிதரோடு பக்கத்தில் இருந்து பறக்கவும் பழகினார். ஐம்பது தாண்டிய ஆள். குடிக்கிற கூட்டத்தோடு சேராமல் இருந்தாரே என்று விட்டுவிட்டேன்.

அந்த மனிதருக்குக் கடைசியில் தொழில் அலுத்துவிட்டது. நீங்கள்தான் இதற்கு உயிர் கொடுத்தவர், நீங்களே வைத்திருங்கள் என்று விமானத்தை இவருக்கே கொடுத்துவிட்டார். சிறகைக் கழற்றி லொறியில் ஏற்றி வந்தது. கொக்குவில் மதிலுக்குள் அது நுழையாது. தெல்லிப்பழையில் இவருக்கும் இவருடைய தமையனாருக்கும் பொதுவான காணி ஒன்று இருந்தது. அங்கே கிடுகுக் கொட்டில் போட்டு உள்ளே விட்டோம்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் விமானம் வைத்திருக்கிறார் என்றால் யார் யார் வந்து விசாரிப்பார்கள் என்று வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வந்தார்கள், கேட்டார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். எல்லாரும் கடைசியில் சொன்னது ஒன்றுதான், முதலில் இதைப் பதியுங்கள்.

முதன்முறை எஞ்சினை இயக்கிய நாளில் இன்னொன்று நடந்தது. அயலில் இருந்த ஒரு பெண் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து மாமரத்துக்குக் கீழே நின்று மேலே பார்த்தா. சத்தம் கொட்டிலுக்குள் இருந்து வருகிறது, யுத்தகாலப் பழக்கத்தில் அவ ஆகாயத்தைத் தேடுகிறா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அந்த நேரம் வேலிப் படலைக்கு வெளியே போய் நின்றேன், ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது.

அதனால் பதிவு என்பது எங்களுக்குச் சும்மா ஒரு கடுதாசி இல்லை. நாட்டின் குறியும் பிறகு மூன்று எழுத்தும் தருவார்கள், அதைச் சிறகில் தீட்ட வேண்டும். “அந்த மூண்டு எழுத்து வந்தால்தான் உது விமானம். அதுவரைக்கும் பழைய இரும்பு,” என்பார் இவர். எழுத்து வந்துவிட்டால் ஒருமுறை தெல்லிப்பழைக்கு மேலே போய் எங்கள் காணியை மேலிருந்து பார்ப்பது என்று திட்டம். பறப்பதற்கு வைத்தியச் சோதனை வேறு உண்டு. அதற்கு இவர் கொழும்புக்குத் தனியாகப் போய் வந்து, “டொக்குத்தர் பார்த்தவர், பிரச்சினை இல்லை,” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கை தானாகப் போனது

விமானத்தைத் தந்தவர் ஒரு துண்டுக் கடிதம் எழுதித் தந்தால் போதும் என்று நினைத்தார். எங்கள் ஆட்களுக்கு அது போதாது. கோழிக்கூட்டைக் கொடுத்தாலும் உறுதி எழுதுகிற ஊர் இது. நொத்தாரிசு ஐயாவிடமே நன்கொடை உறுதியாக எழுதுவோம் என்றேன். தந்தவரும் அதற்காக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

சொத்து இப்போது எங்கே நிற்கிறது என்று எழுத வேண்டும். “எங்கடை தெல்லிப்பழைக் காணியிலை,” என்றார் இவர். அவ்வளவுதான். என் கை தானாகப் போய்விட்டது. அந்தக் காணியின் எல்லைகள் எனக்கு மனப்பாடம்.

ஏன் மனப்பாடம் என்று கேட்டால் அது வேறு கதை. சண்டை வந்து அந்தக் காணியை விட்டு நாங்கள் ஓடியது கலியாணம் முடித்த புதிதில். உடுப்பை விட்டுவிட்டு ஓடினோம், உறுதியை விடவில்லை. சொப்பிங் பையில் சுற்றி, என் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, ஏழெட்டு வீடு மாறியிருப்போம். மழை நாட்களில் எடுத்துக் காயவைப்பேன், அப்போதெல்லாம் வாசிப்பேன். வேறு வாசிக்க என்ன இருந்தது?

இருபது வருடத்துக்கு மேல் கழித்து ஆமியிடமிருந்து காணி விடுபட்டுப் போய்ப் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கைகூட இல்லை. எல்லாம் பற்றை. ஆளாளுக்குக் குழம்பிப்போய் நின்றார்கள். நான் உறுதியை விரித்து வைத்துக்கொண்டு, வாய்க்காலின் ஒரு துண்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து கிழக்கே அளந்து, இதுதான் எங்கள் காணி என்று காட்டினேன். கிணறு நான் சொன்ன இடத்தில் தூர்ந்துபோய்க் கிடந்தது. அன்றைக்கு இவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நாலு எல்லையும் சரியாக இருந்தால் ஒரு சொத்தை யாராலும் காணாமல் ஆக்க முடியாது என்ற நம்பிக்கை எனக்கு அங்கேதான் பிடித்தது.

அந்த நம்பிக்கையோடு விமானத்துக்கும் எல்லை போட்டுவிட்டேன்.

ஐயா பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். அவருக்கு எழுபத்தெட்டு வயது. நான் அடித்தது என்றால் கையொப்பம் இடும் இடத்தை மட்டும்தான் பார்ப்பார்.

ஆனால் ஒரு நடைமுறை இருந்தது. வாசிக்கத் தெரியாதவர்கள் வந்தால் உறுதியை நான் முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசிக்க வேண்டும். முடிவில் “விளங்கினதோ?” என்று கேட்பேன். “விளங்கினது” என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும், தலையாட்டினால் ஐயா ஒத்துக்கொள்ள மாட்டார். வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் கடுதாசியையே கையில் கொடுத்துவிடுவோம்.

தந்தவருக்குத் தமிழ் தெரியாது, ஐயா அவருக்கு ஆங்கிலத்தில் சுருக்கிச் சொன்னார். இவர் உறுதியை வாங்கிக்கொண்டு யன்னல் வெளிச்சத்துக்குப் போனார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அவசரப்படவில்லை. “சரி,” என்றார். கையொப்பம் வைத்தார்.

பதினான்கு மாதம்

கந்தோர்த் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் இருந்தது அப்படி. விமானமும் நிலமும் ஒன்றாக எழுதியிருக்கிறது. நிலத்தில் இன்னொருவருக்கும் பங்கு இருக்கிறது. அப்படியென்றால் விமானத்தில் யாருக்கு எவ்வளவு? திருத்த உறுதி எழுதி, மற்றப் பங்காளி தனக்கு விமானத்தில் பங்கோ உரித்தோ ஒன்றும் இல்லை என்று ஒப்பமிட்டுத் தந்தால் மேலே பார்க்கலாம் என்றார். எழுந்து நின்றுதான் சொன்னார். “கோவிச்சுக்காதீங்கம்மா.”

மற்றப் பங்காளி கனடாவில் இருந்தார். இவருடைய தமையனார். தாயின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரவில்லை என்று இவர் சொன்ன ஒரு சொல்லில் இரண்டு பேரும் பேசாமல் ஒன்பது வருடம். ஆகவே நான்தான் ரெலிபோன் எடுத்தேன். நான் விபரம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அங்கேயிருந்து அவர் ஆறஅமரக் கேட்டார்.

“அப்ப விமானத்திலையும் எனக்கு அரைவாசி இருக்குதோ பிள்ளை?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தெரிந்த ஒரு சட்டத்தரணியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தேன். ஒருநாள் கோயிலில் நிற்கிறார், ஒருநாள் பனி கொட்டுகிறது, ஒருநாள் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள். நடுவில் கொழும்புக்கும் போய் வந்தோம். முதல் தடவையோடு சேர்த்து ஐந்து முறை. கொக்குவிலில் காலை ரெயில் ஏறினால் கொழும்பில் இறங்கும்போது முழங்கால் என்னுடையது இல்லை. இவரும் கூடவே வருவார். மோட்டார்சைக்கிளை அதற்கு முன்பே விற்றுவிட்டார், முழங்கால் நோகிறதாம். கந்தோருக்கு வந்தால் பின்வாங்கில் இருந்துவிடுவார். யன்னலுக்கு நான், படிவத்துக்கு நான், வரிசைக்கு நான்.

எனக்கு அலுத்துவிட்டது. இதை ஒளித்து எழுத மாட்டேன். ஊரில் கேட்பவர்களுக்கும் குறைவில்லை. சந்தையில், பஸ்ஸில், கோயில் வீதியில், எப்ப பறக்கிறியள், எப்ப பறக்கிறியள் என்று ஒரே கேள்வி. இவர் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்வார், பதிவு வரவேணும், கடுதாசியில் ஒரு சின்னப் பிழை. பிழை யாருடையது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பக்கத்தில் நிற்கும் எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருக்கும்.

என்னை ஒரு சொல் ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். பட்டறையில் ஒரு நட்டை இடம்மாறி வைத்தால் வீடு அதிரக் கத்துகிற மனிதர் இவர். இந்த விடயத்தில் மட்டும், “பரவாயில்லை, வரட்டும். என்ன அவசரம்,” என்றுவிடுவார். அறுபத்திரண்டு வயது ஆளுக்கு அவசரம் இல்லையா? தொட்டியில் எஞ்சின் ஊறுகிறதுபோல நான் அந்தப் பொறுமைக்குள் ஊறிக்கொண்டு கிடந்தேன். அதைத் தண்டனை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, பொறுக்க முடியாமல் தமையனாரிடம் கொட்டிவிட்டேன். “அத்தான், உங்களுக்குச் சிறகு வேணுமெண்டால் ஒண்டைக் கழட்டி அனுப்பிவிடுறன். உங்கடை தம்பிக்கு வயது போகுது. பிழை என்ரை. அவரைப் பறக்க விடுங்கோ.”

பிறகு, அவன் மெய்யாகவே பறப்பானோ என்று கேட்டார். ஓம் என்றேன். இரண்டு கிழமையில் ஒப்பமிட்ட பத்திரம் வந்தது. திருத்த உறுதி எழுதினோம். நான்கு எல்லைகளையும் பனைகளையும் கிணற்றையும் வாய்க்காலையும் விமானத்திலிருந்து கழற்றினோம்.

இரண்டு கடிதம்

பதிவுப் பத்திரம் வந்த நாள் காலையில் நான் கறிக்கு முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். தபால்காரர் படலையில் மணி அடித்தார். இரண்டு கடிதம். ஒன்று பதிவுத் தபால், கையொப்பம் வைத்து வாங்கினேன். மற்றது ரெலிபோன் பில். இரண்டையும் நடந்துகொண்டே பிரித்தேன். பத்திரத்தில் நாட்டின் குறி, மூன்று எழுத்து, இவருடைய முழுப்பெயர், எல்லாம் இருந்தன. எனக்குக் கண் மறைத்துவிட்டது.

இவர் பட்டறை வாசலில் கதிரையில் இருந்து ஒரு காபரேட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “வந்திட்டுது,” என்றேன். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு நீட்டினார். என் இடக்கையில் இருந்ததை வாங்கிக்கொண்டார்.

அது ரெலிபோன் பில்.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் அதை முகத்துக்கு நேரே பிடித்தார். மேலிருந்து கீழே பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். “நல்ல வடிவாய் அடிச்சிருக்கிறாங்கள்,” என்றார்.

என் வலக்கையில் பதிவுப் பத்திரம் இருந்தது. மோட்டார்சைக்கிள் விற்றது, பின்வாங்கில் இருந்தது, படிவமெல்லாம் என்னிடம் தந்தது, இப்போதெல்லாம் எஞ்சினைக் காதை வைத்தே பார்ப்பது என்று ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன. முருங்கைக்காய்ச் சாறு காய்ந்து விரல் பிசுபிசுத்தது.

“அது ரெலிபோன் பில்,” என்றேன்.

இவர் அதை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

சீனி வருத்தம் கண்ணுக்குள் இறங்கிவிட்டதாம். கொழும்பில் அந்த டொக்குத்தர் பார்த்த உடனேயே சொல்லிவிட்டாராம், பறக்கிற கதை இனி இல்லை என்று. அது உறுதி எழுதுவதற்கு மூன்று கிழமை முன்பு. சீனிக்குக் கிளினிக் என்று மாதாமாதம் போய் வந்ததும் கண்ணுக்குத்தானாம். ஆள் அசைந்தால் தெரியுமாம், பாதை தெரியுமாம். எழுத்து எறும்பு ஊர்கிறது போலத்தான் தெரியுமாம்.

“அண்டைக்கு யன்னலடியிலை நிண்டு வாசிச்சியளே?”

“வாசிக்கேல்லை. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் வேணுமெண்டு எனக்குத் தெரியும்தானே. உம்மோடை எத்தினை வருசம்.”

எனக்குக் கோபம் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது, முதலில் கோபம். பதினான்கு மாதம். ஐந்து தரம் கொழும்பு. கனடாவுக்கு ஒவ்வொரு ஞாயிறும் கெஞ்சல். என் பிழையால் ஒரு மனிதனுடைய ஆசை கெட்டுப்போகிறதே என்று எத்தனை நாள் சாமியறையில் நின்றிருப்பேன். முதலிலேயே ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இரும்பை வந்த லொறியிலேயே திருப்பி ஏற்றியிருப்பேனே. இதையெல்லாம் சத்தமாகவே கேட்டேன். அயலுக்கும் கேட்டிருக்கும். அத்தானிடம் ஓம் பறப்பார் என்று சொன்னது பொய்யாகிவிட்டதே என்றும் கேட்டேன்.

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். “உம்மடை பிழையாலை எனக்குப் பதினாலு மாசம் கிடைச்சுது. எப்ப பறக்கிறியள் எண்டுதான் சனம் கேட்டது. ஏன் பறக்கேல்லை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.”

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அலுமாரியின் கீழ் லாச்சியில் அந்த முதல் உறுதி இருந்தது, அதோடு குத்தியபடி திருத்த உறுதியும். எடுத்து இரண்டையும் வாசித்தேன். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று எல்லாவற்றையும் ஒழுங்காகத் திருத்தியிருந்தேன். முதல் உறுதியின் கடைசிப் பக்கத்தில், ஐயாவின் கையொப்பத்துக்கு மேலே, நான் ஆயிரம் தரம் அடித்த வரி இருந்தது. பெற்றுக்கொண்டவர் இவ்வுறுதியைத் தாமே வாசித்து விளங்கிக்கொண்டு என் முன்னிலையில் ஒப்பமிட்டார். அதை ஒருவரும் திருத்தச் சொல்லவில்லை.

அந்த வரியை நான் அடிக்கும்போது இவர் மூன்றடி தூரத்தில், வாங்கில் இருந்தார்.

நெடுநேரம் கழித்து வெளியே வந்தேன். இவர் இருந்த இடத்திலேயே இருந்தார். காபரேட்டர் மடியில் இருந்தது, துடைக்கவில்லை. நான் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்து மூக்குக்கண்ணாடியை மாட்டினேன். பதிவுப் பத்திரத்தை விரித்துச் சத்தமாக வாசித்தேன், ஐயாவின் கந்தோரில் வாசிக்கிற குரலில். நாட்டின் குறி. மூன்று எழுத்து. எந்த வகை விமானம், அதன் உடலில் பொறித்திருக்கும் இலக்கம். உரிமையாளர் பெயர், விலாசம், கொக்குவில். ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அடியிலிருந்த சின்ன எழுத்து நிபந்தனைகளையும் விடவில்லை.

வாசித்து முடிந்ததும் பழக்கத்தில் கேட்டேன். “விளங்கினதோ?”

இவர் தலையாட்டினார். நான் பத்திரத்தை மடிக்காமல் காத்துக்கொண்டிருந்தேன்.

“விளங்கினது,” என்றார்.